ஆறடி மூன்று அங்குலம்

ஒஹாயோவில் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதிதாக எடுத்த பையன்களின் படங்களைக் கோச் இணையத்தில் போட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அதில் ஒருவன் கோல்கீப்பர். பெயர் லோவெல், உயரம் ஆறடி மூன்று அங்குலம் என்று போட்டிருந்தது. நானும் கோல்கீப்பர்தான். மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, இந்தக் கடைசி வருடமாவது இறங்கிவிடலாம் என்று காத்திருந்தவன்.

ஆகஸ்டில் முதல் நாள் பயிற்சிக்கு அவன் தன் அப்பாவோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். ஆறடிகூட இல்லை. எனக்கு வந்ததே ஒரு குஷி!

"டேய், மிச்ச உயரத்த வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா? பொய் சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லித் தரலையா?" என்று கத்தினேன்.

அணியே சிரித்தது. அவன் அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"நான் அஞ்சடி பதினொண்ணுன்னுதான் எழுதிக் கொடுத்தேன். கோச்தான் கூட்டிப் போட்டுட்டாரு" என்றான் பையன்.

கோச் அசடு வழிந்தார். "எல்லாக் காலேஜும் போடுறதுதானப்பா. நான் எல்லாருக்கும்தான் போடுறேன்."

லோவெல் என்னிடம் வந்து கை நீட்டினான். "அண்ணா, உங்களுக்கு ஆறடி ரெண்டுன்னு போட்டிருந்துச்சு. பக்கத்துல எப்படி நிக்கப் போறேனோன்னு பயந்துகிட்டே வந்தேன்."

அவன் குரலில் துளிக் கேலி இல்லை. அண்ணாந்து பார்க்காமல், நேருக்கு நேர் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். அணியில் யாரும் சிரிக்கவில்லை.

அவன் அப்பா தலை நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.