பிழை எண் நாற்பத்தொன்று

பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கொடுக்கும் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, இருட்டுக்குள் கையை விட்டே பழுதைக் கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னை, இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு பாத்திரம் கழுவும் மெஷின் மூன்று வாரம் முட்டாளாக்கியது. வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மெஷின் வாங்கியது என் மனைவியின் கைக்காக. அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு மருத்துவமனைக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கிறாள். சோப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்து, ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. இரண்டு கோட்டுகளில் காலர் ஓரமாகக் கடுகளவு கறை. "டாக்டர் கோட்டுல ரத்தம் இருந்தா என்ன, அதுக்குத்தானே கோட்டு?" என்று ஆறுதல் சொன்னேன். அது எடுபடவில்லை. மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டு, இன்னும் ஒரு கறை வந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். ஒன்பது வருஷமாக அவள் கட்டிக் காத்த வேலை அது. தோல் டாக்டரோ, இரண்டு மாதத்துக்குச் சோப்பைத் தொடவே கூடாது, கையுறை போட்டால் வியர்த்து இன்னும் மோசமாகும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து பழைய டிஷ்வாஷர் ஒன்றைப் பேசி முடித்துக் கொண்டுவந்து மாட்டினேன். ஐந்தாம் நாளே, வயிறு நிறைய எச்சில் பாத்திரத்தோடு அது உயிரை விட்டது. இரண்டு நாள் வீடு நாறியது. முதுகைக் கழற்றிப் பார்த்தால் கன்ட்ரோல் போர்டு கருகிக் கிடந்தது. மெஷினுக்கு மூளை அதுதான். எப்போது தண்ணீர் விடுவது, எப்போது சூடாக்குவது என்று தீர்மானிப்பது அது. புது போர்டு வரவழைத்து நானே மாற்றினேன். உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, தண்ணீர் இறங்கியது, ஏழு நிமிஷம் சுற்றியது. பிறகு நின்று, சின்னத் திரையில் 41 என்று காட்டியது.

"நாப்பத்தொண்ணு," என்று பின்னாலிருந்து மாமனார் வாசித்தார்.

மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். எண் எங்கே தெரிந்தாலும் குனிந்து, உரக்க வாசித்து, சட்டைப்பை நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வார். அந்த எண் ஏன் வந்தது என்று கேட்க மாட்டார். மீட்டர் பார்க்கப் போனவன் வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம்.

கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த பிழைப் பட்டியல் நாற்பதோடு முடிந்துவிட்டது. பரவாயில்லை, பட்டியலை நம்பி நான் தொழில் செய்யவில்லை. முதல் வாரம் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். இரண்டாவது வாரம் தண்ணீர் வரும் குழாய், போகும் குழாய், அடியிலிருக்கும் வடிகட்டி எல்லாவற்றையும் கழற்றினேன். வடிகட்டியில் ஒரு துணுக்குகூட இல்லை. "எவ்ளோ சுத்தமா வச்சிருக்கேன் பாத்தீங்களா மாமா?" என்றேன். அவர் பாராத மாதிரி நோட்டைப் புரட்டினார்.

இதில் ஒரு அதிசயம். மெஷின் ஏழு நிமிஷத்தில் நின்றுபோனாலும், உள்ளேயிருந்து பாத்திரங்கள் மட்டும் பளபளவென்று வந்தன. காலையில் நான் வேலைக்குப் போகும்போது திறந்து பார்ப்பேன், சாயங்காலம் வந்ததும் திறந்து பார்ப்பேன். ஒரு தட்டில்கூடப் பிசுக்கு கிடையாது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: கழுவுகிற பாகம் சரியாக இருக்கிறது, சொல்கிற பாகம்தான் கெட்டிருக்கிறது. லிஃப்டிலும் இப்படி உண்டு. நாலாவது மாடியில் ஒழுங்காக நின்றுகொண்டு ஒன்பது என்று காட்டும். ஆகவே கோளாறு போர்டில்தான் என்று இரண்டாவதாக ஒரு போர்டு வரவழைத்து மாட்டினேன்.

"நாப்பத்தொண்ணு," என்றார் மாமனார்.

"பாத்திரம் என்னவோ நல்லாத்தான் கழுவுது," என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஆமா, நல்லாத்தான் கழுவுது," என்றாள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். எட்டு விரலில் பிளாஸ்திரி.

"இன்னுமா ஆறல?"

"ஆறும்."

சோப்பைத் தொடாமல் இருந்தும் ஆறவில்லை என்றால் மருந்து சரியில்லை என்று அர்த்தம். அந்த டாக்டரை நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு களிம்பு வாங்கி வந்து கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை. திங்கட்கிழமை அறுபது கோட்டு போயாக வேண்டும். பன்னிரண்டு பாக்கி இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மெஷின் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"போர்டு மாத்துனதுக்கப்புறம் அழுக்குப் பாத்திரம் வச்சு ஓட்டினீங்களா சார்?"

"பின்ன, பூந்தொட்டியா வைப்பாங்க?"

"இல்ல சார், நாப்பத்தொண்ணுன்னா தண்ணியில அழுக்கே இல்லன்னு அர்த்தம். புது போர்டுக்கு அழுக்குன்னா என்னன்னே தெரியாது. ஒரு தடவ அழுக்குத் தண்ணியப் பாத்தாத்தான் அதுக்கு ஒரு அளவு கிடைக்கும். அதுவரைக்கும், கழுவ ஒண்ணுமில்லன்னு நின்னுடும்."

"அதெப்படிம்மா? தினமும் பாத்திரம் சுத்தமா வெளிய வருதே."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"வீட்டுல வேற யாராச்சும் இருக்காங்களா சார்?"

"மனைவி இருக்கா. மாமனார் இருக்காரு."

"அவங்கள ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இவர்களைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அவளுக்குக் கோட்டு தைக்கவே நேரம் இல்லை. அவருக்கு எண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. மெஷினுக்கு அழுக்கு வேண்டும், அவ்வளவுதானே. அதை நானே தயார் செய்துவிட்டால் போகிறது.

சமையலறையில் பார்த்தால் எல்லாப் பாத்திரமும் துடைத்து அடுக்கியிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாலு முட்டையின் மஞ்சள் கரு, கோதுமை மாவு, எண்ணெய், அரை பாட்டில் தக்காளி சாஸ் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கலக்கினேன். லிஃப்டுக்குக் கிரீஸ் தடவ வைத்திருந்த புது பிரஷ்ஷை எடுத்து, தட்டு, டம்ளர், வாணலி, கரண்டி என்று ஒன்று விடாமல் பூசினேன். ஒரு வேலையில் இறங்கினால் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தடவை பூசி, தலைமுடி காயவைக்கும் மெஷினால் காயவைத்தேன். மாமனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு தொழில் தர்மம் தடுத்துவிட்டது.

அடுக்கி, ஸ்விட்சைப் போட்டேன். ஏழு நிமிஷம் தாண்டியது. எட்டு ஆனது. எனக்கு நெஞ்சு விம்மியது என்றால் நம்ப மாட்டீர்கள். ஒன்பது, பத்து. பதினோராவது நிமிஷம் மெஷின் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது.

"நாப்பத்திரெண்டு," என்றார் மாமனார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் குரலில் ஒரு உற்சாகம் தெரிந்தது.

திரும்பப் போன் போட்டேன். அதே பெண். "அளவுக்கு மீறின அழுக்கு சார்," என்றாள். "பாத்திரத்த எல்லாம் கையால ஒரு தடவ கழுவிட்டு வைங்க."

கதவைத் திறந்தேன். சூட்டில் முட்டையும் மாவும் வெந்து, பாத்திரத்தோடு பாத்திரமாக ஒட்டிப் போயிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் போட்டேன். தொட்டி நிறைந்து மேடையும் நிறைந்தது. சத்தம் கேட்டு மனைவி வந்தாள். மலை மாதிரிக் கிடந்ததைப் பார்த்தாள். விரல்களிலிருந்து பிளாஸ்திரியை ஒவ்வொன்றாக உரித்து மேடை ஓரத்தில் வரிசையாக வைத்தாள். சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு குழாயைத் திறந்தாள். ரொம்ப நாளாகத் தினமும் செய்கிற வேலை மாதிரி அவ்வளவு சரளமாக இருந்தது.

"ஏய், நீ எதுக்குக் கைய வைக்கற? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல."

"பின்ன?"

அவள் குழாயை மூடினாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஏழு நிமிஷத்துல நின்னுபோற மெஷின்ல பாத்திரம் எப்படிங்க பளபளன்னு வரும்?" என்று நிதானமாகக் கேட்டாள்.

நான் மாமனாரைப் பார்த்தேன்.

"தொடைச்சு அடுக்கறது மட்டும்தான் மாப்ள நானு," என்றார் அவர். "கழுவ விடமாட்டேங்கறா."

"அழுக்கோட வச்சு, அது பாதியில நின்னு, திரும்ப வீடு நாறணுமா? நீங்க வேற காலையும் சாயங்காலமும் தொறந்து தொறந்து பாக்கறீங்க. அதான் கழுவிட்டே உள்ள வச்சேன்," என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மூணாவது போர்டு வாங்குவீங்க."

வாங்கித்தான் இருப்பேன்.

"மூணு வாரமா அதோட முதுகக் கழட்டி மாட்டிட்டு இருக்கீங்க," என்றாள். "மெஷின் ஓடல. ஆனா மூணு வேளையும் சாப்பிடறோம். பாத்திரத்த யாரு கழுவறாங்கன்னு ஒரு நாள் கேட்டீங்களா? மெஷின் சரியாகற வரைக்கும் நான் கழுவறேன்னு ஒரு நாள் சொன்னீங்களா?"

கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமலே போனதுதான் எனக்கு அப்போது பெரிய வெட்கமாக இருந்தது. பிளாஸ்திரி இல்லாத அவள் விரல்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். நுனி ஒவ்வொன்றும் பிளந்திருந்தது. நடுவிரலிலிருந்து வழிந்த தண்ணீர்ச் சொட்டு சிவப்பாக இருந்தது. அந்தக் கையால்தான் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டும்.

"தள்ளிக்கோ," என்றேன்.

நம்பாமல் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி முன்னறைக்குப் போனாள். மாமனார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயைத் திறந்தேன். தட்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். பதினொரு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன்.

"சோப்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

முன்னறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"உங்க மூஞ்சிக்கு நேரா," என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அங்கேதான் இருந்தது.