நேசபாய் அழிக்காத பாட்டுத்திரை

கிறிஸ்தவக் கோயில்களின் திரையில் பாட்டு வரிகளைக் காட்டுவதற்கு ஒரு மென்பொருள் எழுதினான் கருங்கல் ஊர்க்காரன் ஷாஜன். பெயர் பாட்டுத்திரை. யாரும் இலவசமாக எடுக்கலாம், தங்கள் வசதிக்கு மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று கூடவே எழுதியும் வைத்தான். ஊர் ஊராகப் பாடகர் குழுக்கள் உட்கார்ந்து பாட்டுகளைத் தட்டி ஏற்றின. ஞாயிற்றுக்கிழமை பாட்டுப்புத்தகம் எடுத்துப்போகிற பழக்கமே விட்டுப்போயிற்று.

பிறகு நகரத்துக் கம்பெனி ஒன்று அதை வாங்கிக்கொண்டு, ஷாஜனுக்கு வேலையும் கொடுத்தது. பழையதை அழித்துவிட்டுப் புதியதைச் சந்தா கட்டி எடுங்கள் என்று அவனே வீடியோ போட்டான். புதியதில் வரிகளுக்குப் பின்னால் புறா பறந்தது, பூ கொட்டியது. எல்லாரும் மாறினார்கள். ஆனால் லாபம் போதவில்லை என்று கம்பெனி ஒருநாள் அதை நிறுத்திவிட்டது. அந்த ஒருநாள் எது தெரியுமா மக்களே? ஷாஜனுடைய கல்யாண நாள்.

கொட்டாரம் ஊர்க் கோயில் வாசலில் பெண்ணின் கார் வந்து நின்றது. உள்ளே திரை வெறுமையாக இருந்தது. மாப்பிள்ளை கோட்டோடு ஓடிவந்து ஜன்னலில் குனிந்தான்.

“ரெனிஷா, பாட்டுத்திரைய நிறுத்திட்டானுவ.”

“அப்ப பழசு?”

“எல்லாரும் அழிச்சிட்டாவ. நாந்தான சொன்னேன்.”

“நல்ல காரியம் செய்த! எங்க அக்கா கல்யாணத்துக்கு உள்ள வரும்போ ரெண்டாவது சரணம் ஒருத்தருக்கும் தெரியாம சபையே வாயப் பொத்திட்டு நின்னுது. வீடியோவுல இப்பவும் போட்டுப் போட்டுச் சிரிக்காவ. பாட்டு இல்லாம நான் எறங்க மாட்டேன். காரத் திருப்பச் சொல்லுவேன், பாத்துக்கோ.”

பக்கத்தில் இருந்த அவள் சித்தி நேசபாய் கழுத்தை நீட்டினாள். அந்தக் கோயில் பாடகர் குழுத் தலைவி அவள்தான்.

“மருமவனே, எனக்க லேப்டாப்புல பழசு கெடக்கு.”

“மாமி! அழிக்கச் சொல்லி வீடியோ போட்டேனே?”

“பாத்தேன், லைக்கும் போட்டேன். ஊருக்குத் தந்தத பின்ன எதுக்கு அழிக்கணும்? நீதான மாத்தலாம்னும் எழுதியிருந்த. நானும் கொஞ்சம் மாத்திவச்சிருக்கேன்.”

என்ன மாற்றினாள் என்று கேட்க நேரமில்லை. லேப்டாப் வந்தது. கோயிலில் கீபோர்டு வாசிக்கிற பையன் பெர்லின் கட்டைகளைத் தொட்டான். ரெனிஷா இறங்கி வாசற்படி ஏறினாள். முதல் சரணம் கம்பீரமாகப் போயிற்று. இரண்டாவதின் நடுவே திரையில் ஒரு வரி வந்தது:

பெர்லின், இழுக்காதே, மூச்சு முட்டுது.

பாடகர் குழுவின் பயிற்சிக்கென்று நேசபாய் இடையில் தட்டிவைத்த குறிப்பு அது. ஆனால் திரையில் வருவதைப் பாடியே பழகிய சபை. அதையும் ராகத்தோடு, பக்தியோடு பாடியது. அடுத்த வரி: ஆண்கள் கத்த வேண்டாம். ஆண்கள் அதைத்தான் உச்சத்தில் பாடினார்கள். போதகர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

ரெனிஷா நடுவழியில் நின்றுவிட்டாள். ஷாஜனுக்கு உயிரே போயிற்று. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தான். சிரிக்கிறாள்! சிரித்துக்கொண்டே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“ஒருத்தராவது வாயப் பொத்திட்டு நின்னாவளா, பாத்தியா?” என்று காதில் கேட்டாள்.

சாப்பாட்டுப் பந்தலில் நேசபாயைச் சுற்றி வெளியூர்ச் சபைக்காரர்கள் நாலைந்து பேர் பழைய பாட்டுத்திரையை வாங்கப் பென்டிரைவோடு நின்றார்கள். கடைசி ஆளாக மாப்பிள்ளையும் கை நீட்டினான்.

“மாமி, எனக்கும் ஒண்ணு.”

“எடுத்துக்கோ மக்கா,” என்றாள் நேசபாய். “வேணும்னா மாத்தவும் செய்யி.”