திவாலானவரின் கோணல் கிராப்பு

சலூன்காரர் கடன் வாங்கி மூன்று கடை திறந்தார், மூன்றும் ஊற்றிக்கொண்டன. கடன் கொடுத்தவர்களில் முதல் ஆள் மனைவியின் தம்பி. பணம் மூழ்கியதிலிருந்து அவன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி அதைச் சொல்லி அழ மாட்டாள். பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். ஒவ்வொரு ணங்குக்கும் சலூன்காரருக்குத் தூக்கிவாரிப்போடும்.

திவாலான பிறகு வேறொருவர் சலூனில் கமிஷனுக்கு முடி வெட்டினார். குடும்பச் செலவு போக மிஞ்சுவதில் பாதியை மாதாமாதம் திவால் அதிகாரியிடம் கட்ட வேண்டும். அவர் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒருவழியாகத் திவாலிலிருந்து விடுதலை கிடைத்தது. சலூன்காரர் தலைகால் புரியாமல் அதிகாரியிடம் ஓடினார்.

"இனிமே கட்ட வேண்டாம்ல சார்?"

"திவால்தான் முடிஞ்சுது. கட்டறது இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

மிஞ்சினால்தானே கட்ட வேண்டும்? மிஞ்சவே விடக் கூடாது என்று முடிவுகட்டினார் நம் மகானுபாவர். மட்டம் போட்டால் வேலை போய்விடும். ஆகவே வருகிறவர்கள் குறையட்டும் என்று மறுநாளிலிருந்து வேண்டுமென்றே கோணலாக வெட்டினார். இடப்பக்கம் மழமழவென்று, வலப்பக்கம் புதர் மாதிரி. முதலில் மாட்டிய கல்லூரி மாணவன் கண்ணாடியைப் பார்த்து வாயைப் பிளந்தான். சலூன்காரர் திட்டு வாங்கத் தயாரானார்.

"சூப்பர்ணே! இது என்ன ஸ்டைல்?"

மாலையே அவனுடைய நண்பர்கள் படையெடுத்தார்கள். அடுத்த வாரம் தெருவில் வரிசை. எவ்வளவு கேவலமாக வெட்டினாலும் கூட்டம் கூடிக்கொண்டே போனது. முதலாளி பூரித்துப்போய் கமிஷனை வேறு உயர்த்தித் தொலைத்தார். கட்ட வேண்டிய தொகை கிடுகிடுவென ஏறியது.

ஒருநாள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் மைத்துனன்.

"அத்தான், இந்த மாசம் என் பங்கு நிறைய வந்துச்சு. எங்க கடனை அடைக்கவா இப்படி மாடா உழைக்கிறீங்க? உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும். ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இல்ல மச்சான். யாருக்கும் காசு போகக் கூடாதுன்னுதான் கண்டபடி வெட்டினேன். சம்பாத்தியத்தைக் குறைக்கத்தான் பார்த்தேன்."

மைத்துனன் வெளியே நின்ற வரிசையைப் பார்த்தான். அவன் தோள்கள் குலுங்கின. ஐயோ, அழுகிறானே என்று பதறினார் சலூன்காரர். அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அதுலயும் தோத்துட்டீங்களா அத்தான்?"

போர்த்திய துணியை உதறிவிட்டு எழுந்தான்.

"அக்கா வீட்லதானே இருக்கா? வாங்க, இதை நானே அவகிட்ட சொல்லணும்."