அம்மாவுக்கு வைத்த சோறு

காலையில் வாசலுக்கு வந்த தோவாவுக்குச் சுருக்கென்றது. மூடியிருக்க வேண்டிய முன்கதவில் நான்கு பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தான் கணவன் கியெம்.

"இன்னைக்கு யாரையும் விடமாட்டேன்னு சொன்னீங்களே?"

"ஒரே ஒரு டூரிஸ்ட் கூட்டம். லோக் கெஞ்சிக் கேட்டான். பத்து நிமிஷம் தூணையும் சுவரையும் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"பத்து நிமிஷம்னா பத்து நிமிஷந்தான்."

ஹோய் ஆன் நகரின் பழைய தெருவில் கியெமின் முன்னோர்கள் கட்டிய வீடு அது. சீட்டு வாங்கிய வெளியூர்க்காரர்கள் வருஷம் முழுக்க அதன் கூடத்தில் நடமாடுவார்கள். பதினோரு வருஷமாக அவர்களுக்குச் சிரித்த முகத்தோடு தேநீர் ஊற்றியவள்தான் தோவா. ஆனால் இன்று அவள் அம்மாவின் நினைவு நாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாததால் படையல் போட அவளை விட்டால் ஆளில்லை. அம்மாவின் படத்தை இந்தக் கூடத்தில் வைக்கக் கியெமின் பெரியப்பா சம்மதிப்பதற்கே இரண்டு வருஷம் ஆனது. உயிரோடிருந்தவரை அம்மா கீரைக்கூடையோடு ஆற்றங்கரைப் பக்கத்துப் பின்வாசலில்தான் வந்து நிற்பாள். முன்கூடத்தில் அவளுக்குக் கிடைக்கப் போகும் முதல் சாப்பாடு இது.

அவித்த கோழி, மஞ்சள் போட்டு வேகவைத்த மீன், பலாப்பிஞ்சுக் கலவை, சோறு எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் மேசையில் பரப்பி, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டாள். பத்தி எரிந்து முடியும்வரை அது அம்மா சாப்பிடும் நேரம். அதுவரை வேறு யாரும் ஒரு பருக்கையைக்கூடத் தொடக்கூடாது.

"பாத்துக்கோங்க," என்று கியெமிடம் சொல்லிவிட்டு, உறவினர்களுக்கான சூப்பைக் கவனிக்க அடுக்களைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கியெம் தெருவில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். மேசையைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். வழிகாட்டி லோக், கோழித் துண்டுகளைச் சின்னக் கிண்ணங்களில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஊதுபத்தி பாதிகூட எரியவில்லை.

"வாங்கக்கா. வீட்டுச் சாப்பாடுன்னா இவங்களுக்கு உசுரு," என்றான் லோக்.

"நீ எந்த ஊருடா?"

"என்னக்கா, இதே ஊருதான்."

"உங்க வீட்ல செத்தவங்களுக்கு, நீங்க தின்ன மிச்சத்தையா வைப்பீங்க?"

லோக்கின் சிரிப்பு நின்றது. வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், முகம் சிவந்து கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் மேல் தோவாவுக்குக் கோபமில்லை. கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கியெம் உள்ளே வந்தான்.

"தெரியாம எடுத்துட்டாங்க. ஒரு தட்டுதானே, மாத்தி வச்சிடலாம்."

"உங்கப்பா படையலா இருந்தா மாத்தி வைப்பீங்களா? அன்னைக்கு லோக் இந்த வாசப்படிய மிதிச்சிருப்பானா?"

கியெம் மேசையிலிருந்த கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினான். அதுதான் அவளை எரித்தது. படத்தை எடுத்துத் துண்டில் சுற்றினாள். அடுக்களையில் மிச்சமிருந்த பலாப்பிஞ்சையும் பச்சை மீனையும் பையில் போட்டுக்கொண்டாள்.

"பதினொரு மணிக்குப் பெரியப்பா எல்லாரும் வருவாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"லோக்கைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்க. அவன்தான் நல்லா விளக்குவான்."

பாலத்தைத் தாண்டி, கேம் கிம் தீவிலிருந்த அம்மாவின் வீட்டு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினாள். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து அடுப்பு மூட்டினாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சித்தி எட்டிப் பார்த்தாள்.

"மெதுவா வெட்டுடி. பலாக்காய் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

தோவா சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். சித்தி மறுபேச்சில்லாமல் தன் வீட்டிலிருந்து ஒரு கோழியைப் பிடித்து வந்தாள்.

இரண்டாவது படையல் முடிந்து, பத்தி முழுசாக எரிந்து அணைந்த பிறகுதான் கியெம் வந்தான். வியர்த்திருந்தது.

"பெரியப்பாகிட்ட நடந்ததச் சொன்னேன். திட்டினாரு."

"யாரை?"

அவன் தயங்கினான். "உன்னை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

பொய் சொல்லவில்லை, அந்த மட்டில் சரி. அதற்காக அவள் கோபம் ஒரு துளியும் இறங்கவில்லை.

"லோக்கை இனி உள்ள விடமாட்டேன், தோவா. படத்த எடுத்துக்க, வீட்டுக்குப் போலாம்."

"நான் சாயங்காலம் வர்றேன்," என்றாள். "அம்மா வரமாட்டாங்க. இனிமே எங்கம்மாவுக்கு இங்கதான் படையல். அடுத்த வருஷம் நீங்க வரணும்னா வாங்க, விருந்தாளியா."

அவள் தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நின்றுகொண்டே இருந்தவனுக்கு ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தது சித்திதான்.