ஹூட் இல்லாத ஓட்டோ

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது என்று என் காக்கா அஸ்ஹர் சொல்வார். சரிதான். அன்றைக்குக் கல்முனை பசாரில் அவருடைய இரும்புக்கடைக்குள் போய் நின்றபோது, எதைத் தூக்கி எறியலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். கைக்கு எட்டியதெல்லாம் பூட்டும் சுத்தியலும். அல்லாஹ் காப்பாற்றினான், அவரையும் என்னையும்.

கூடப்பிறந்த அண்ணன் மேல் அவ்வளவு ஆத்திரம் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் நிப்றாஸ் அறுகம்பேயில் ஓட்டோ ஓட்டுகிறவர். சீசன் தொடங்கினால் அங்கேயே தங்கி, அலையில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குவார். போன சீசனுக்கு முன்னால் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஓட்டோவின் மேல்கூரையான ஹூட்டைக் கழற்றி, கம்பிகளை அறுத்து, முன் கண்ணாடியைப் பாதியாக்கி, பின் சீட்டுக்குச் சிவப்பு ரெக்சின் அடித்து, படத்தில் வருகிற திறந்த கார் மாதிரி ஆக்கிவிட்டார். வெள்ளைக்காரர்களுக்கு அது போதாதா? அந்த வண்டிதான் வேண்டும் என்று காத்து நின்று ஏறினார்களாம். மழை தொடங்கி சீசன் முடிந்ததும் அந்த வண்டியோடு வீட்டுக்கு வந்தார். மாரி முழுக்க அது தறப்பாளைப் போர்த்திக்கொண்டு எங்கள் வளவுக்குள் நின்றது.

மழை விட்ட ஒரு பின்னேரம், "வா புள்ள, ஒரு ரவுண்ட் பெய்த்து வருவம்" என்று அவர்தான் கூப்பிட்டார். நான் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கூப்பிட்டது அவர்.

நான் வீட்டில் அபாயா தைத்துக் கொடுப்பவள். விடிந்தால் மெஷின், எதிரே சுவர், சுவரில் ஒரு பல்லி. வெளியே போவதென்றால் யாராவது ஒருவரின் ஓட்டோவில் போவேன். ஓட்டோவுக்குள் இருந்து பார்த்தால் ஊர் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். கடை வாசல், செருப்பு, சைக்கிள் சில்லு, அவ்வளவுதான். பிறந்து வளர்ந்த கல்முனையை நான் முப்பது வயது வரைக்கும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு ஹூட் இல்லாத வண்டியில் பசாருக்கு நடுவால் போகும்போது தலையைத் தூக்கினேன். கடைகளுக்கெல்லாம் மேல்மாடி இருந்தது! மாடியில் ஜன்னல் இருந்தது, ஜன்னலில் புறா இருந்தது. ஒரு மொட்டைமாடியில் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். சாய்ந்தமருது தாண்டி, காரைதீவுச் சந்தி கடந்து, நிந்தவூர்க் கடற்கரைக்குத் திரும்பியபோது காற்று என் அபாயாவுக்குள் புகுந்து ஊதியது. வாய் திறந்து சிரித்தேன், ஒரு பூச்சி உள்ளே போய்விட்டது. நிப்றாஸ் வண்டியை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் போனோம். மகளை உம்மாவிடம் விட்டுவிட்டுப் போவோம், சில நாள் அவளையும் நடுவில் இருத்திக்கொண்டு போவோம். பெரிய ஊர்சுற்றல் ஒன்றுமில்லை. கச்சான் வாங்குவோம், ஒலுவிலில் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம், மஃரிப் தொழுகைக்குத் திரும்பிவிடுவோம். ஒருநாள் மழையில் நனைந்து தெப்பமாகி வந்தோம். எனக்கு அது போதும். நகை கேட்டேனா, நாடு கேட்டேனா?

நோன்புக்கு முந்தின வாரம் காக்கா வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"சல்ஹா, அந்தத் தொறந்த வண்டியில ஏறித் திரியிறத நிப்பாட்டு. ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்காங்க. ஊர்வலம் போற மாதிரி இரிக்கி எண்டு சொல்றாங்க."

"எந்த ஆக்கள்? பேரச் சொல்லுங்க காக்கா."

"பேரு என்னத்துக்கு? நான் சொல்றன், நீ கேளு."

நான் கேட்கவில்லை. நான் போவேன், என் புருஷனோடு போவேன், உங்களுக்கென்ன என்று கத்தினேன். நிப்றாஸ் அந்த நேரம் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு முகத்தை அவ்வளவு நேரம் கழுவ முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு வண்டிக்கு ஒவ்வொரு வருத்தமாக வந்தது. டயர் சரியில்லை. பெற்றோல் இல்லை. பிளக் அடைத்துவிட்டது. கடைசியில், "காக்காட மனம் நோகும் புள்ள, உடு" என்றார். பாவம், மச்சானுக்குப் பயந்து நல்ல மனிதர் அடங்கிப்போகிறாரே என்று அவருக்காகவும் சேர்த்து நான்தான் கொதித்தேன். காக்காவோடு பேச்சை விட்டேன். பெருநாளைக்கு அவர் எனக்கும் மகளுக்கும் அனுப்பின உடுப்பைப் பையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். உம்மா அழுதார். நான் அசையவில்லை.

சீசனுக்கு நிப்றாஸ் புறப்படுகிற நாள் வந்தது. போவதற்கு முன்னால் ஒரே ஒருதரம் ஒலுவிலுக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்டேன், கெஞ்சித்தான் கேட்டேன். "காக்கா கோவிப்பாரு" என்றார். அவ்வளவுதான். மெஷினை அப்படியே விட்டுவிட்டு அபாயாவை மாட்டிக்கொண்டு பசாருக்கு நடந்தேன்.

கடையில் ஒருவர் பெயின்ட் வாங்கிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கணக்கெடுக்கவில்லை.

"ஒங்களுக்கு என்ன கரச்சல் காக்கா? என்ட புருசன் என்னை ஏத்திக்கிட்டுப் போனா ஒங்கட தலையில என்ன இடி உழுந்த? மனிசன் ஒங்களுக்குப் பயந்து நடுங்குறாரு!"

"மெதுவாக் கதை புள்ள, ஆக்கள் நிக்காங்க."

"நிக்கட்டும். ஆக்களுக்காகத்தானே எல்லாம் செய்றீங்க, கேட்டுட்டுப் போகட்டும்."

பெயின்ட் வாங்க வந்தவர் பெயின்டை விட்டுவிட்டு வெளியே போய் நின்றார். காக்கா எழும்பினார். முகம் சிவந்திருந்தது. ஆனால் சத்தம் போடவில்லை.

"நான் சொன்னதா அது? ஒன்ட மாப்பிள வந்து இந்தக் கதிரையில இருந்துதான் சொன்னாரு. 'மச்சான், தங்கச்சிக்கிட்ட நீங்க சொல்லுங்க, நான் சொன்னா சரிவராது' எண்டு. ஊர் பாக்க ஒன்ன ஏத்திப் போக அவருக்குத்தான் வெக்கமா இரிக்காம். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. பெருநாள் உடுப்பு திரும்பி வந்த நேரமும் நான் வாயத் தொறந்தனா? ஒன்ட குடும்பம் நல்லா இரிக்கட்டும் எண்டுதான் இருந்தன்."

நான் பூட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு, வளவு, கிணறு எல்லாம் பெண் பேரில். அடுத்தவர் வீட்டில் இருந்துகொண்டு எப்படிச் சத்தம் போடுவது? அதனால் பெண்சாதியிடம் சொல்லக் கஷ்டமான எதையும் மாப்பிள்ளைமார் மச்சானிடம் கொண்டுபோய் இறக்கிவைப்பார்கள். மச்சான் வந்து தன் தங்கச்சியிடம் சொல்வார். தங்கச்சி காக்காவைத் திட்டுவாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளையாகவே இருப்பார். இது தெரியாத பெண் எங்கள் ஊரில் இல்லை. எனக்கும் தெரியும். நிப்றாஸ் அந்த ரகமில்லை என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் மடத்தனம்.

திரும்பி நடந்தேன். வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததில் தாடை வலித்தது.

வளவுக்குள் நிப்றாஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு சீட் பளபளவென்று இருந்தது.

"காக்காட கடைக்குப் பெய்த்து வாறன்" என்றேன்.

துடைத்த கை நின்றது.

"இஞ்சேருங்க, ஒங்கட ஃபோனக் காட்டுங்க. ஃபேஸ்புக்கில போட்ட படத்தக் காட்டுங்க. இதே சீட்டில எத்தின வெள்ளைக்காரி இரிக்கா? பக்கத்தில நிண்டு பல்லுத் தெரியச் சிரிக்கீங்க. அவங்க ஏறினா வெக்கமில்ல, தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு நான் ஏறினா வெக்கமா?"

"அவங்க என்ட பொஞ்சாதி இல்லயே."

இதை அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. உலகத்திலேயே நியாயமான பேச்சு அதுதான் என்பது போலச் சொன்னார். அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது.

நான் போய் கேற்றை அகலத் திறந்தேன். வண்டியின் ஹாண்ட்பிரேக்கை இறக்கினேன். பின்னால் போய் இரண்டு கையாலும் தள்ளினேன். "என்ன செய்ற, என்ன செய்ற" என்று அவர் பக்கத்தால் ஓடி வந்தார். வண்டி உருண்டு கேற்றுக்கு வெளியே ஒழுங்கைக்குப் போய் நின்றது.

"வீடு என்ட. வளவு என்ட. நான் ஏறக் கூடாத வண்டி இஞ்ச நிக்கவும் கூடாது."

எதிர்வீட்டு ஆமினா உம்மா கேற்றுக்கு வந்துவிட்டார். "என்ன புள்ள, வண்டி ஸ்டார்ட் இல்லயா?"

"வண்டி ஸ்டார்ட்தான் உம்மா. ஆளுதான் ஸ்டார்ட் இல்ல."

இன்னும் இரண்டு கேற் திறந்தது. நிப்றாஸ் துடைக்கிற துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்கு நடுவே நின்றார். அவர் நெற்றி வியர்த்துவிட்டது.

"ஆக்கள் பாக்காங்க புள்ள. உள்ள வா, கதைப்பம்."

"உள்ள கதைக்கிற வாய் ஒங்களுக்கு இல்லயே. அது காக்காட கடையிலதானே இரிக்கி. அங்க போவம், எடுங்க."

நான் ஏறி உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல் அவரும் ஏறினார். சந்தியில் பின் ஒழுங்கைப் பக்கம் திருப்பப் பார்த்தார். "பசார் வழியா" என்றேன். பட்டப்பகல், சனம் நிறைந்த நேரம். பார்த்தவர்கள் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, அவரவருக்கு அவரவர் வேலை. இந்த ஊரின் கண்ணுக்குப் பயந்தா என் பின்னேரங்களைப் பறித்தார்?

கடைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். காக்கா பதறிக்கொண்டு வெளியே வந்தார். நான் இறங்கவில்லை.

"காக்கா, இவருக்கு ஒரு விசயம் சொல்லணும். நீங்க சொல்லுங்க, நான் சொன்னா சரிவராது."

நிப்றாஸ் என் கைக்கெட்டும் தூரத்தில் ஹாண்டிலைப் பிடித்தபடி இருந்தார்.

"என்ன சொல்லணும்?" என்றார் காக்கா.

"பொஞ்சாதியோட வண்டியில போக வெக்கப்படுற மனிசனோட ஒரு வீட்டில இரிக்க எனக்கும் வெக்கமா இரிக்கி எண்டு சொல்லுங்க. சீசன் முடிஞ்சு வாற நேரம், என்னை ஏத்துறதெண்டா வரட்டும். ஏலாட்டி அங்கயே இரிக்கட்டும்."

காக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தடுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நிப்றாஸுக்காகப் பழியைச் சுமந்து, பெருநாள் உடுப்பையும் திருப்பி வாங்கிக்கொண்ட மனிதர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, என் வீட்டில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து சொன்னாரே, அதே குரலில் தொடங்கினார்.

"மச்சான், தங்கச்சி ஒரு விசயம் சொல்லச் சொல்றா."

ஒரு சொல் குறையாமல் சொன்னார். நிப்றாஸ் முழுவதையும் தலையைக் குனிந்தபடி கேட்டார். மறுமொழிக்கு அவர் காக்காவின் முகத்தைத்தான் பார்த்தார். காக்கா கையை விரித்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

இனி அவர் பேசுவதென்றால் பின்னால் திரும்பி என்னிடம்தான் பேச வேண்டும். நான் காத்துக்கொண்டிருந்தேன்.