இடது தண்டில் நடு இடம்

சென்றாயனின் மனு தள்ளுபடி ஆனதற்கு அரசாங்கம் சொன்ன காரணத்தைக் கேட்டு ஊரே சிரித்தது. 'மனுதாரர் திருவிழாவில் தேர் தூக்குகிறார். ஆகவே உழைத்துப் பிழைக்கும் உடல் தகுதி உள்ளவர். ஊனமுற்றோர் உதவித்தொகைக்குப் பரிந்துரைக்க இயலாது.' வாசித்துக் காட்டிய மகள் கவியாவுக்கே பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படியில் இருந்த காளியாயி புகையை ஊதிக்கொண்டே சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

சிரிக்காத ஒரே ஆள் சென்றாயன்தான். ஒரு பக்கம் அவனுக்கு வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், யாரிடமும் சொல்ல முடியாதபடி, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தேர் தூக்குகிறான் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டதே!

அவன் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற ஆள். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு பனிக்காலையில், சில்வர் ஓக் மரத்தில் சாத்தி வைத்த மூங்கில் ஏணி ஈரப்பட்டையில் வழுக்கிவிட்டது. ஏணி ஒரு பக்கம் போக, இவன் ஒரு பக்கம் போனான். இடுப்பிலும் இடது தொடையிலும் சேலத்தில் கம்பி வைத்துத் தைத்தார்கள். உயிருக்குப் பழுதில்லை. ஆனால் இடது முட்டி மடங்க மறுத்துவிட்டது, கால் ஒரு விரக்கடை குட்டையாகிவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் வாசல்படி இறங்க முடியாது. டாக்டர்கள் குழு பார்த்து, பாதிக்கு மேல் ஊனம் என்று சான்றிதழும் கொடுத்தது. அதன் பிறகு காளியாயி ஒருத்தியின் கூலியில்தான் வீடு ஓடியது. காய்ச்சல் அடித்தாலும் அவள் காப்பிக் காட்டுக்குப் போனாள். மாதாமாதம் அந்த உதவித்தொகை வந்தால், காய்ச்சல் நாளிலாவது படுத்துக் கிடக்கலாம்.

தேர் விஷயம் எப்படி ஆபீசுக்குப் போனது என்றால், அதற்கு ஊர்க்காரர்களின் உபசாரம்தான் காரணம். மனுவை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் மலையேறி வந்த அன்று பார்த்து மாரியம்மன் திருவிழா. ஆர்.ஐ. சாரை யாரும் விசாரிக்க விடவில்லை. தலையில் துண்டு கட்டி, சந்தனம் பூசி, இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டு, வந்த வேலை ஞாபகம் வந்து, "இதுல சென்றாயன் யாருப்பா?" என்று கேட்டார். பந்தி முழுக்கக் கை நீட்டியது. "அதோ பாருங்க சார்! தேருக்குக் கீழ, இடது தண்டுல, நடு இடம்!"

அவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். படத்தில் சென்றாயன் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

அந்த ஊர்த் தேருக்குச் சக்கரம் கிடையாது. மலைப் பாதையில் சக்கரம் உருளாது. இரண்டு நீளத் தண்டுகளின் மேல் தேரைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமும் சுற்றி வருவார்கள். தண்டில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு குடும்பத்துக்குப் பாத்தியம். இடது தண்டில் நடு இடம், அதாவது அம்மன் முகம் திரும்பிப் பார்க்கிற பக்கம், சென்றாயன் வகையறாவுக்கு. 'என்னால் தூக்க முடியவில்லை' என்று ஒருவன் தன் வாயால் சொல்லிவிட்டால் இடம் அடுத்த பங்காளிக்குப் போய்விடும். அப்புறம் திரும்ப வராது. அடுத்த பங்காளி என்பது சித்தப்பா மகன் அங்கப்பன். சென்றாயனைவிடச் சில மாதம் இளையவன். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடம்பு. முன் இடத்துக் குடும்பத்தில் தூக்க ஆள் இல்லாததால் இப்போது அங்கே கூலிக்கு மாரடிக்கிற மாதிரி நிற்கிறான்.

கால் போன பிறகும் சென்றாயன் வாய் திறக்கவில்லை. தேரடிக்குச் செருப்பும் ஆகாது, ஊன்றுகோலும் ஆகாது. கோலைக் காளியாயி கையில் கொடுத்துவிட்டு, தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். தேர் எழும்பும். எழும்பும்போது அவன் தோளில் ஒன்றும் உட்காராது. முன்னால் அங்கப்பனும் பின்னால் இன்னொருவனும் துண்டைத் தடிமனாக மடித்துத் தோளில் போட்டு, தண்டை உயர்த்திப் பிடித்துவிடுவார்கள். சென்றாயன் நடப்பதும் இல்லை, தூக்குவதும் இல்லை. கொடியில் காயப் போட்ட சட்டை மாதிரி தொங்கிக்கொண்டு போவான். அவனுக்கு அது தெரியும். அவர்களுக்கும் தெரியும். இரண்டு திருவிழா ஆகியும் யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது பேச வேண்டி வந்துவிட்டது. கவியா எழுதிப் போட்ட மேல்முறையீட்டுக்கு விசாரணைத் தேதி வந்தது. சேலத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து ஏற்காட்டிலேயே முகாம் போட்டு விசாரிப்பாராம்.

"தூக்கலீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்றாள் காளியாயி.

"சொன்னா எடம் போயிருமே."

"அந்த எடத்துல என்ன நெல்லா வெளையுது?"

"உனக்குத் தெரியாது. விடு."

"எனக்குத் தெரியாதுங்களா? வருசா வருசம் கோலைப் புடிச்சுட்டு நிக்கறது நானு" என்றவள், அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் போனால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம்.

விசாரணை நாளன்று பஸ் நிற்கும் வளைவுக்கு வந்தால், கஞ்சி போட்ட வேட்டியில் அங்கப்பன் நிற்கிறான்.

"நீ எங்கடா கெளம்பிட்ட?"

"உங்களோடதான்."

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"அண்ணி கூப்பிட்டாங்க. சாட்சி வேணுமாமே."

சென்றாயன் காளியாயியைப் பார்த்தான். அவள் பஸ்ஸையே பார்த்திராதவள் போல, வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அங்கப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் சென்றாயன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான்.

"ஏண்ணா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? உன்ற எடத்தைப் புடுங்கத்தான் நான் வாரேன்னு நெனச்சியா?"

"உனக்கு அந்த நெனப்பே இல்லியாக்கும்?"

"இல்லாம என்ன? மீசை மொளச்ச நாள்ல இருந்து இருக்குது" என்று அங்கப்பன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒளிவு மறைவு இல்லாததுதான் சென்றாயனுக்குத் தாங்கவில்லை.

முகாமில் பந்தல் போட்டிருந்தார்கள். மிஞ்சிய மூங்கிலும் கயிறும் ஓரமாகக் கிடந்தன. மலை ஊர்கள் பலவற்றிலிருந்தும் ஆட்கள் வந்து மனுவும் கையுமாகக் காத்திருந்தார்கள். அதிகாரி சுஜாதா, கண்ணாடி போட்ட, நிதானமாகப் பேசுகிற அம்மா. அவருக்குப் பக்கத்தில், அன்று இரண்டு முறை பாயசம் வாங்கிய அதே ஆர்.ஐ. உட்கார்ந்திருந்தார். சென்றாயனைப் பார்த்ததும் திருவிழா ஞாபகத்தில் கும்பிட்டுவிட்டு, அப்புறம் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

அதிகாரி படத்தைக் காட்டினார். "இது நீங்கதானே?"

"நான்தானுங்க."

"தேர் தூக்கறீங்களா?"

சென்றாயன் இரண்டு பக்கமும் பார்த்தான். இடது பக்கம் காளியாயி. வலது பக்கம் அங்கப்பன். 'இல்லை' என்றால் பணம் வரும், இடம் போகும். 'ஆமாம்' என்றால் இடம் நிற்கும், காளியாயி காய்ச்சலோடு காட்டுக்குப் போவாள். இதையெல்லாம் யோசித்துச் சரியாகச் சொல்லத்தான் நினைத்தான். வாய் முந்திக்கொண்டது.

"தூக்கறேனுங்க."

காளியாயி தலையில் கை வைத்தாள்.

"அப்புறம் எதுக்குங்க மேல்முறையீடு?" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

"அம்மா, எழுதிராதீங்க!" அங்கப்பன் ஒரே எட்டில் மேசைக்கு வந்துவிட்டான். "பச்சைப் பொய்யிங்க. ரெண்டு வருசமா இவரு ஒரு கைப்புடி எடை தூக்குனது கெடையாது. தேரோட சேத்து இவரையும் நான்தான் தூக்கறேன். என்ற தோளுக்கு எந்த ஆபீசுல மனுக் குடுக்கறதுன்னு நானே கேக்கலாம்னு வந்தேன்."

கூட்டத்தில் சிரிப்பு பரவியது. சென்றாயனுக்குக் காது சூடானது.

"அவர் சொல்றது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணு. படம் வேற சொல்லுது. நான் எதை நம்பறது?" என்றார் அதிகாரி.

"கண்ணால பாத்து நம்புங்க."

அங்கப்பன் ஓரத்தில் கிடந்த மூங்கிலில் இரண்டை உருவினான். காத்திருந்தவர்களில் நாலைந்து பேர், கேட்காமலே எழுந்து வந்தார்கள். ரோடு எட்டாத ஊரிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிப் பழகியவர்கள். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு மர நாற்காலி இரண்டு மூங்கிலுக்கு நடுவில் ஏறிவிட்டது.

"சும்மா நாற்காலியைத் தூக்கி என்ன தெரியும்?" என்றார் ஆர்.ஐ.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல கனமான ஆள்.

"வேண்டாம்ப்பா... மேடம், இதெல்லாம்..."

"உங்க அறிக்கைதானே சார். நீங்களே சரிபார்த்த மாதிரி ஆச்சு" என்றார் அதிகாரி. முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டார்.

ஆர்.ஐ. ஏறி உட்கார்ந்தார். இடது மூங்கிலில் முன்னால் அங்கப்பன், பின்னால் வேறு ஊர்க்காரர் ஒருவர், நடுவில் சென்றாயன். வலது மூங்கிலில் மற்றவர்கள். "தூக்கு!" என்றதும் ஆர்.ஐ. ஆகாயத்துக்குப் போனார். யாரோ ஒரு பெண் பழக்கதோசத்தில் குலவை போட்டாள். அவர் ஒரு கையால் நாற்காலியையும் ஒரு கையால் சட்டைப்பை செல்போனையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இப்ப வந்து மூங்கிலுக்கும் அவரு தோளுக்கும் நடுவுல கைய உட்டுப் பாருங்க" என்று அங்கப்பன் மூச்சுப் பிடித்தபடி கூப்பிட்டான்.

அதிகாரி எழுந்து வந்தார். சென்றாயனின் தோள் மேல் கையை நுழைத்தார். கை தாராளமாகப் போய்த் தாராளமாகத் திரும்பி வந்தது. அங்கப்பன் தோளைத் தொட்டார். மூங்கில் சதைக்குள் புதைந்திருந்தது.

"சரி. நீங்க மூங்கிலை விட்டுட்டு நாலு எட்டு நடங்க" என்றார் சென்றாயனிடம்.

விட்டான். ஒரு எட்டு வைத்தான். அடுத்த எட்டில் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. விழுவதற்குள் காளியாயி வந்து கக்கத்தில் கை கொடுத்துவிட்டாள். கோலையும் கையில் திணித்தாள். ஆர்.ஐ.யை மெதுவாகக் கீழே இறக்கினார்கள். அவர் நேராகச் சென்றாயனிடம் வந்தார்.

"அன்னிக்கு உங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கணும். சாப்பாடு போட்டு அமுக்கிட்டாங்க" என்றார். "சாப்பாடு நொம்ப நல்லா இருந்துச்சுங்க."

அதிகாரி தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். "எனக்குப் புரிஞ்சுது. ஆனா பங்காளி சொல்றதை வெச்சு நான் எழுத முடியாது. நீங்க முன்னால சொன்னதை நீங்களேதான் மாத்திச் சொல்லணும். தேர் தூக்கறீங்களா?"

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அங்கப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தான். மூங்கில் பதிந்த இடத்தில் அவன் தோள் கன்றிச் சிவந்திருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்த நாற்காலிக்கே இப்படி என்றால், தேருக்கு எப்படி இருந்திருக்கும்? இரண்டு வருசம் அந்தத் தோளுக்குப் பின்னால் தொங்கியும், சென்றாயன் அதை ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை. கக்கத்தில் இருந்த காளியாயியின் கை கணகணவென்று சுட்டது. இன்றைக்கும் காய்ச்சலோடுதான் வந்திருக்கிறாள்.

"இல்லீங்க" என்றான் சென்றாயன். "ரெண்டு வருசமாத் தூக்கலீங்க. புடிச்சுட்டுப் போறேன், அவ்வளவுதான். என்னால முடியறதில்லீங்க."

சொல்லி முடித்ததும் ஏதோ பெரிய சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தான். பேனா எழுதுகிற சத்தம்தான் கேட்டது. "தள்ளுபடி உத்தரவை ரத்து பண்றேன். உதவித்தொகை கிடைக்கும். போயிட்டு வாங்க" என்றார் அதிகாரி. அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள்.

ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் மூன்று பேரும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டார்கள். சென்றாயன்தான் பேச்சை எடுத்தான்.

"என் வாயால சொல்லிட்டேன். இனி அது உன்ற எடம்டா."

"ஆமா, என்ற எடம்தான்" என்றான் அங்கப்பன், பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஊர்ல சொல்லி முறையா வாங்கிக்குவேன். விட்டுக் குடுக்கறேன்னு மட்டும் நெனச்சுராத."

"நெனக்கல."

"என்ற எடத்துல யாரு தொங்கறதுங்கறதை இனி நான்தான் சொல்லுவேன்."

சென்றாயன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"தோளு எனக்கு, கை உனக்கு. எனக்குப் பக்கத்துல புடிச்சுட்டு வா. ஊர்க்காரங்க ஏதாச்சும் சொன்னா அவனுகளை வந்து தூக்கச் சொல்றேன்" என்றான் அங்கப்பன்.

"ஏனுங்க, கேட்டுச்சா?" என்றாள் காளியாயி.

கேட்டது. கேட்டதும் சென்றாயனுக்கு வாய் திறந்துகொண்டது. இரண்டு வருசமாக அடைத்து வைத்தது மொத்தமும் கொட்டியது. "அதென்னடா போன வருசம் அவ்வளவு ஒசரத்துல புடிச்சீங்க? கோயில் மேட்டுல என் நல்ல காலே தரையில படல. கக்கமெல்லாம் பத்து நாள் வலி. திருப்பத்துல சொல்லாமத் திருப்புனதுல தண்டு காதைத் தேச்சுருச்சு. தோல் உரிஞ்சு போச்சு, தெரியுமா?"

"அடப்பாவி அண்ணா! இத்தனை நாளு வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"எப்படிடா சொல்றது? தூக்கறவன் வந்து, தொங்குறப்ப வலிக்குதுன்னு சொல்லுவானா?"

அங்கப்பனுக்குப் பஜ்ஜி புரையேறிவிட்டது. காளியாயி அவன் முதுகில் தட்டினாள். தட்டிக்கொண்டே அவளும் சிரித்தாள்.

"வாற வருசம் கொஞ்சம் தாழ்த்திப் புடிங்க" என்றான் சென்றாயன்.

"தாழ்த்துனா உன்ற தோள்ல உக்காருமே."

"கொஞ்சம் உக்காரட்டும்டா."