வலிக்கிற கை முதலில்

சட்டை மாட்டும்போது வலிக்கிற கை முதலில். கழற்றும்போது வலிக்காத கை முதலில். நர்ஸ் ஒரே தடவைதான் சொல்லிக்கொடுத்தாள். அன்று காலையும் அவன் அப்படித்தான் செய்தான். பால் சூடாக்கினான். மாத்திரை கொடுத்தான். ஈரத்துணியால் முதுகைத் துடைத்தான். வலது தோள்பட்டை எலும்பின் மேலிருந்த வீக்கத்தை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போனான். பிறகு தன்னுடைய பழைய ஆபீஸ் சட்டையை மனைவிக்கு மாட்டினான். முன்பக்கம் பொத்தான் வைத்த, தொளதொளவென்ற உடுப்பு வேறு இல்லை.

"இதை எனக்குப் போட்டுட்டா நீங்க ஆபீசுக்கு எதைப் போட்டுட்டுப் போவீங்க?"

"லீவு."

"அப்ப நான்தான் போகணுமா?"

அவள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். விசில் இல்லாமலே மைதானத்தின் மறுகோடிவரை கேட்கிற குரல். இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனியாக மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது.

எலும்பில் வரும் புற்று. அதிலும் தோள்பட்டையில் வருவது ரொம்ப அபூர்வம், பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் என்று டாக்டர் சொன்னபோது, "எந்தப் போட்டியிலயும் நான் ரெண்டாவதுக்கு மேல வந்ததில்ல டாக்டர்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்பதுபோல் பேனாவைத் தேடினார். கிளம்பும்போது, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார். எவ்வளவு முன்னாடி என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். நாலு மாதம்.

தோள் வலிக்கிறது என்று அவள் முதன்முதலில் சொன்ன அன்று வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். துவைத்த துணி நிறைந்த வாளியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நாள் முழுக்கப் பந்து எறிஞ்சா வலிக்காது. கொடியில துணி போட்டாத்தான் வலிக்கும். அதிசயமான தோள்டா சாமி!" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை, சீப்பைத் தலைவரை உயர்த்த முடியாமல் போன காலைவரை.

லீவு போட்ட அன்று பதினொன்றரைக்கு அவள் மூச்சு நின்றது.

அவளுடைய அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் உடுப்பு மாற்றினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் கருநீலச் சட்டை. அவன் கதவோரம் நின்றான். அக்கா இடது கையை முதலில் நுழைத்தாள்.

"அந்தக் கை இல்லக்கா. வலது கைதான் முதல்ல. இல்லாட்டி வலிக்கும்."

அக்காவின் கை பாதியில் நின்றது.

"மாப்பிள்ளை சொல்றபடியே போடும்மா" என்றாள் அத்தை. நுழைத்த கையை உருவிவிட்டு, முதலிலிருந்து மாட்டினார்கள்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். கடைசியில் அத்தையும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கூட இருந்தது நீங்கதான். கடைசியா என்ன சொன்னா?"

"உங்களை நல்லாப் பாத்துக்கச் சொன்னா அத்தை."

அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு உங்க மேல ஒரு குறையும் கிடையாது மாப்பிள்ளை. பெத்தவ நான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? மூச்!"

அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். யாருக்கோ நாற்காலி எடுத்துப் போடப் போனான்.

காலையில், சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டிருந்தான்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் சொன்னேனே... அதை மனசுல வச்சிருக்கியா?"

காலர் மடிப்பைச் சரிசெய்தான். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நிமிர்ந்தான். கண் திறந்துதான் இருந்தது.

"இப்ப மூச்சு வாங்குது. சாயங்காலம் கேளுங்க."